ஃப்ரீஸ்டைல் கயாக்கிங்: சர்வதேசப் போட்டிகளும் துடுப்புக்காரர்களின் நட்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டாற்றின் நடுவே ஒரு சின்னக் கயாக் (ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் துடுப்புப் படகு) குட்டிக்கரணம் போட்டு, அதே இடத்தில் வந்து விழும் காணொளியைப் பார்த்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இது எப்படி முடிகிறது, இதில் போட்டியெல்லாம் உண்டா, ஆபத்தில்லையா, எதிராளி நன்றாகச் செய்ததற்கு மற்ற போட்டியாளர்கள் ஏன் இப்படிக் கத்திக் கொண்டாடுகிறார்கள். கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃப்ரீஸ்டைல் கயாக்கிங் என்றால் என்ன? ராஃப்டிங் மாதிரியா?

ராஃப்டிங்கில் காற்றடைத்த மிதவைப் படகில் ஆற்றோடு சேர்ந்து கீழே போகிறோம். ஃப்ரீஸ்டைலில் எங்கேயும் போவதில்லை. ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். கயாக் ஒரே அலையில் நின்றபடி சுழலும், புரளும், எகிறும். கடலில் அலை நகர்ந்து கரைக்கு வருகிறது. ஆற்றிலோ அலை நின்ற இடத்தில் நிற்கிறது, தண்ணீர்தான் அதன் வழியாகப் பாய்ந்து போகிறது. அதனால் ஒருவர் அந்த அலையின் முகத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்தச் சறுக்கலை வைத்துக்கொண்டு என்னென்ன வித்தை செய்யலாம் என்பதுதான் விளையாட்டு. ஆரம்ப காலத்தில் இதை ரோடியோ என்றே அழைத்தார்கள்.

அந்த அலை எப்படி உருவாகிறது? எல்லா ஆற்றிலும் இருக்குமா?

தண்ணீர் ஒரு பாறை மேலோ சரிவின் மேலோ வேகமாக இறங்குகிறது. கீழே மெதுவாகப் போகும் நீர் அதை எதிர்கொள்கிறது. வேகமும் மெதுவும் சந்திக்கிற இடத்தில் நீர் குவிந்து எழும்புகிறது. சரிவு மிதமாக இருந்தால் கண்ணாடி போன்ற பச்சை அலை கிடைக்கும். சரிவு செங்குத்தாக இருந்தால் குவிந்த நீர் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் திரும்பி உடைந்து விழுந்து, நுரையாகக் கொந்தளிக்கும். அதைத்தான் ஹோல் என்கிறோம். அலையில் வேகமும் உயரமும் கிடைக்கும்; ஹோலில் படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிடிமானம் கிடைக்கும். இரண்டிலும் செய்யக்கூடிய வித்தைகள் வேறு.

நல்ல ஹோலுக்கு இரண்டு பக்கமும் தோள் இருக்க வேண்டும், அதாவது வெளியேறும் வழி. அதோடு பக்கத்திலேயே எடி இருக்க வேண்டும். பாறைக்கோ கரைத் திருப்பத்துக்கோ பின்னால் நீர் அமைதியாகி, எதிர்த்திசையில் மெல்லத் திரும்பி வரும் இடம் அது. எடி இருந்தால்தான் அலையிலிருந்து தள்ளப்பட்டவர் திரும்ப வந்து வரிசையில் நிற்க முடியும். எடி இல்லாத அலை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு தடவை விளையாடிவிட்டு விடைபெற வேண்டியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரையிலிருந்து கரை வரை ஒரே சீராகக் கட்டப்பட்ட சிறு தடுப்பணைகளின் கீழேயும் ஹோல் மாதிரியே ஒன்று தெரியும். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அதற்குத் தோளே கிடையாது. உள்ளே போனதை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். பெரிய அருவிகளுக்கு அஞ்சாதவர்கள்கூட அந்தத் தடுப்பணைகளைக் கண்டால் படகைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து போவார்கள்.

படகு ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது?

ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம், அவ்வளவுதான். உயரமான ஒருவர் படுத்தால் படகைவிட அவர் நீளமாக இருப்பார். நடுப்பகுதி பருத்து, முன்னும் பின்னும் தட்டையாக இருக்கும். நடுவில் இருக்கும் காற்று மேலே எழும்பப் பார்க்கும். தட்டையான நுனிகள் எளிதாகத் தண்ணீருக்குள் இறங்கும். வித்தை எல்லாமே இந்த இரண்டின் இழுபறியில்தான் பிறக்கிறது. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் அலையின் மேல் வழுக்கிச் சுழல முடிகிறது. 1990-களில் இந்தத் தட்டை அடிப்பாகம் பரவலான பிறகுதான் விளையாட்டின் முகமே மாறியது.

பெரும்பாலான படகுகள் வார்த்தெடுத்த பிளாஸ்டிக். போட்டியில் முன்வரிசையில் இருப்பவர்கள் எடை குறைந்த கார்பன் படகையும் பயன்படுத்துகிறார்கள். உள்ளே உட்காருவது என்பதைவிடப் படகை உடுத்திக்கொள்வது என்றே சொல்லலாம். இடுப்பின் இரு பக்கமும் ஃபோம் வைத்து, தொடையை இறுக்கி, பாதத்துக்கு முன்னால் இடமே இல்லாமல் அடைத்துவிடுவார்கள். பலர் செருப்பே போடாமல் மெல்லிய சாக்ஸோடு நுழைவது அதனால்தான். இடுப்பை ஒரு அங்குலம் அசைத்தால் படகும் அசைய வேண்டும். இடையில் தளர்வு இருந்தால் வித்தை வராது.

குட்டிக்கரணம் எப்படிப் போடுகிறார்கள்?

அதற்குப் பெயர் லூப். ஹோலில் கற்றுக்கொள்ளும் முதல் பெரிய வித்தை இது. நிதானமாகச் சொல்கிறேன்.

நுரையின் மேல், ஆறு வருகிற திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறீர்கள். படகின் மூக்கை, பச்சை நீர் வந்து விழுகிற பள்ளத்துக்குள் நழுவவிடுகிறீர்கள். பாய்ந்து வரும் நீர் மூக்கைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. படகு செங்குத்தாக நிமிர்கிறது. இப்போது நீங்கள் பாதத்தின் மேல் எழுந்து நிற்பது போல உடலை நீட்ட வேண்டும். நடுப்பகுதியில் அமுங்கிய காற்று இந்த நொடியில்தான் மேலே உதைக்கும். அந்த உதையும் உங்கள் எழும்பலும் ஒரே கணத்தில் சேர்ந்தால் படகு முழுதாகத் தண்ணீரை விட்டு எழும். எழுந்ததும் நெற்றியை முழங்காலை நோக்கி மடக்கி, கைகளை முன்னால் எறிந்து சுருள வேண்டும். சுருண்டவுடன் படகு தலைகீழாகி, பின்பகுதி முன்னால் வந்து விழும். பிறகு உடனே பின்னால் சாய்ந்து படகை நிமிர்த்தினால், தொடங்கிய இடத்திலேயே மறுபடி ஆறு வருகிற திசையைப் பார்த்தபடி இருப்பீர்கள்.

பெரும்பாலோர் தவறுவது எழும்பும் நொடியில். மூக்கு இறங்கிய பதற்றத்தில் சீக்கிரம் சுருண்டுவிடுவார்கள். படகு உயராமல் பொத்தென்று முகம் குப்புற விழும். காத்திருக்கக் கற்றுக்கொண்டவருக்கு லூப் வந்துவிடும்.

இதன் மேல் கட்டப்பட்டவைதான் மற்றவை. மூக்கின் மேல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அப்படியே லூப்புக்குள் போனால் ஃபோனிக்ஸ் மங்கி. பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருக்கும்போது திரும்பி லூப்புக்குள் நுழைந்தால் மெக்நாஸ்டி. அலையில் என்றால் பிளன்ட், பேன் ஆம், ஹீலிக்ஸ், ஏர்ஸ்க்ரூ என்று வேறு குடும்பம். அவற்றில் படகு காற்றிலேயே புரண்டு திரும்பும்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

கயாக் பிரிவில் ஒரு ரைடுக்கு, அதாவது அலையில் ஒருவர் ஆடும் ஒரு முறைக்கு, 45 விநாடி. ஒவ்வொரு வித்தைக்கும் விதிப்புத்தகத்தில் ஓர் அடிப்படை மதிப்பெண் உண்டு, கடினமானதற்கு அதிகம். ஒரே வித்தையைப் பத்துத் தடவை செய்தாலும் ஒரு தடவைக்குத்தான் கணக்கு. ஆனால் இடப்பக்கம், வலப்பக்கம் என்று திருப்பிச் செய்யக்கூடிய வித்தைகளுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக மதிப்பெண் கிடைக்கும். அதனால் வராத பக்கத்தைப் பழகுவதற்கே பயிற்சியில் பாதி நேரம் போய்விடும். எல்லோருக்கும் ஒரு செல்லப் பக்கம் இருக்கிறது. உலக அளவில் ஜெயிப்பவர்களைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது.

அடிப்படைக்கு மேல் போனஸ் வரும். படகு காற்றில் எழுந்தால், மிகப் பெரிதாகச் செய்தால், ஒரு வித்தை முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் அடுத்ததில் நுழைந்தால், எல்லாவற்றுக்கும் உண்டு. நடுவர்கள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாய்விட்டுச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்வார். 45 விநாடிக்குள் பத்துப் பன்னிரண்டு வித்தைகள் பறக்கும்போது வேறு வழியில்லை.

அலையிலிருந்து தள்ளப்பட்டால் ரைடு முடிந்ததாக அர்த்தமில்லை. எடி வழியாகத் திரும்பி வர முடிந்தால் வரலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

தகுதிச் சுற்று, காலிறுதி, அரையிறுதி என்று வடிகட்டிக் கடைசியில் இறுதிப் போட்டிக்கு ஐந்து பேர். அங்கே ஆளுக்கு மூன்று ரைடு, அதில் சிறந்த ஒன்று மட்டும் கணக்கு. பார்ப்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டும் சொதப்பினாலும் மூன்றாவதில் ஒருவர் தங்கம் வாங்கலாம். அதனால் கடைசி ரைடு வரைக்கும் யாரும் கரையை விட்டு நகர மாட்டார்கள்.

உலகப் போட்டி எங்கே, எப்போது நடக்கிறது?

வேல்ஸ் கடலோரத்தில், ஓதத்தின் வேகத்தில் உருவாகும் பிட்ச்சஸ் என்ற இடத்தில் 1991-ல் நடந்ததிலிருந்துதான் பொதுவாக வரலாற்றைத் தொடங்குவார்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை: 1993-ல் அமெரிக்காவின் ஒக்கோயி ஆறு, 1995-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், 1997-ல் கனடாவின் ஒட்டாவா ஆறு, 1999-ல் நியூசிலாந்தின் டௌபோ, 2001-ல் ஸ்பெயினின் சோர்ட் என்று உலகம் சுற்றி வந்தது. இப்போது சர்வதேச கனூ கூட்டமைப்பு நடத்துகிறது. 2021-ல் நடக்க வேண்டியது கோவிட் காரணமாகத் தள்ளிப்போய் 2022-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்தது. 2023-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ், 2025-ல் ஜெர்மனியின் பிளாட்லிங். உலகச் சாம்பியன்ஷிப் இல்லாத ஆண்டில் உலகக் கோப்பைச் சுற்று நடப்பது வழக்கம்.

இடத்துக்கு இடம் ஆட்டம் மாறும் என்பதை மறக்கக் கூடாது. ஒட்டாவாவில் பனி உருகி வெள்ளம் வரும்போது எழும் பெரிய அலைகளில் காற்றில் பறப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பிளாட்லிங், நாட்டிங்ஹாம் போன்ற இடங்களில் ஹோல் ஆட்டக்காரர்கள் கை ஓங்கும்.

யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

எரிக் ஜாக்சனிலிருந்து தொடங்குங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்லாலம் பிரிவில் (தொங்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வேகமாகப் போகும் போட்டி) கலந்துகொண்டவர். 1993, 2001, 2005, 2007 என்று நான்கு முறை ஃப்ரீஸ்டைல் உலகச் சாம்பியன். முதல் வெற்றிக்கும் கடைசி வெற்றிக்கும் நடுவே படகுகளும் வித்தைகளும் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டன. அவர் ஒவ்வொரு மாற்றத்தையும் புதிதாகக் கற்றார். அவருடைய மகன் டேன் ஜாக்சன் பலமுறை உலகச் சாம்பியன். 2020-ல் சிலியில் சால்டோ டெல் மௌலே என்ற 40 மீட்டர் உயர அருவியிலும் கயாக்கில் இறங்கினார். மகள் எமிலியும் உலகச் சாம்பியன். பிரிட்டனின் கிளேர் ஓஹாரா கயாக், ஸ்குவர்ட் என்று இரண்டு பிரிவிலும் உலகப் பட்டங்கள் வாங்கியவர். ஒரே நபர் இந்த இரண்டிலும் உச்சத்தில் இருப்பது எவ்வளவு அரிது என்பது அடுத்த பதிலைப் படித்தால் புரியும்.

ஸ்குவர்ட் என்றால்?

ஆள் உட்கார்ந்தால் நீர்மட்டத்தோடு ஒட்டி அரைகுறையாக மட்டுமே மிதக்கும் அளவுக்கு மெலிந்த படகு. உட்காருபவரின் எடைக்குத் தகுந்தபடி அளவெடுத்து வெட்டுவார்கள். அலையை விட்டுவிட்டு எடியின் விளிம்பில், இரண்டு நீரோட்டங்கள் உரசும் கோட்டில் விளையாடுவார்கள். சரியான கோணத்தில் படகைச் சாய்த்தால் ஆறு படகையும் ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆள் முழுதாக மறைந்து, தண்ணீருக்கு அடியிலேயே சுழன்று, வேறு ஓர் இடத்தில் எழுந்து வருவார். இதற்கு மிஸ்டரி மூவ் என்று பெயர். கரையில் முதன்முறை பார்ப்பவர்கள் ஆளைக் காணோம் என்று பதறுவார்கள். இவை தவிர, மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பால் ஆடும் சி1 பிரிவும், பதினெட்டு வயது வரையிலான ஜூனியர் பிரிவும் உண்டு.

ஒலிம்பிக்கில் இருக்கிறதா? இதில் பணம் கிடைக்குமா?

இல்லை. ஸ்லாலம் இருக்கிறது, 2024 பாரிஸில், சிலர் ஒரே நேரத்தில் இறங்கிப் போட்டியிடும் கயாக் கிராஸும் சேர்ந்தது. ஃப்ரீஸ்டைல் இன்னும் வெளியே. ஒலிம்பிக்கில் இல்லாததால் பல நாடுகளில் அரசு உதவி கிடையாது. முன்னணியில் இருக்கும் ஒரு சிலருக்குப் படகு நிறுவனங்களின் ஆதரவு உண்டு. மற்றவர்கள் கற்றுக்கொடுத்தும், ராஃப்டிங் வழிகாட்டியாக இருந்தும், வேறு வேலை பார்த்தும் தங்கள் செலவில் வருகிறார்கள். தேசிய ஜெர்சி போட்டவர் இரவில் வேனில் தூங்குவதை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்களாமே, அது உண்மையா?

உண்மை. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது நல்லொழுக்கமாகத் தெரிகிறது. உள்ளே இருந்து பார்த்தால் இந்த ஆட்டம் வேறு மாதிரி ஆடவே முடியாதது என்று தோன்றும்.

முதலில், ஓர் அலையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் எடியில் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். எட்டுப் பத்துப் படகுகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு மிதக்கின்றன. நீரோட்டம் இழுத்துவிடாமல் இருக்க ஒருவர் பக்கத்துப் படகின் கைப்பிடியைப் பற்றியிருக்கிறார்; அவர் வேறு நாட்டுக்காரராக இருக்கலாம். தண்ணீர் புகாமல் மூக்கை அடைக்கும் மூக்குக் கிளிப் ஹெல்மெட்டிலிருந்து தொங்குகிறது. குளிரில் விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே எல்லோரும் அலையில் இருப்பவரைத்தான் பார்க்கிறார்கள். அவர் வெளியே வந்து மூச்சு வாங்கும்போது யாரோ ஒருவர் சொல்வார்: "எழும்பறதுக்கு இன்னும் அரை நொடி காத்திரு." அடுத்த முறை அவர் காத்திருப்பார், வித்தை வரும், எடி முழுக்கத் துடுப்பால் படகைத் தட்டி ஆரவாரம் செய்யும். அந்த அரை நொடியைச் சொல்லிக்கொடுத்தவர் இரண்டு நாள் கழித்து அதே ஆளோடு அரையிறுதியில் மோதப் போகிறவர்.

இதில் அவருக்கு என்ன நஷ்டம்? பெரிதாக ஒன்றுமில்லை. இந்த ஆட்டத்தில் எதிராளி உங்களைத் தடுக்க முடியாது. தள்ள முடியாது, பந்தைப் பறிக்க முடியாது. உங்கள் 45 விநாடியில் நீங்களும் தண்ணீரும் மட்டும்தான். மற்றவர் நன்றாகச் செய்தால் உங்கள் ரைடு கெட்டுப்போவதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் அழுத்தமானது. அலையில் இருப்பவருக்கு ஏதாவது ஆனால் முதலில் போய்ச் சேரக்கூடியவர்கள் எடியில் காத்திருப்பவர்கள்தான். ஒருவர் படகை விட்டு வெளியே வந்து நீந்த நேர்ந்தால் வரிசை கலைந்துவிடும். முதலில் ஆள், பிறகு படகு, அப்புறம் துடுப்பு என்ற ஒழுங்கில் ஆளுக்கொன்றாகத் துரத்திப் போவார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. தன் முறை போய்விட்டதே என்று ஒருவர்கூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை. பெரிய ஆறுகளில் நண்பர்களை இழந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறார்கள். பக்கத்துப் படகுக்காரர் மேல் ஒரு கண் வைத்திருப்பது அவர்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

அப்புறம், இது சின்ன உலகம். அதே முகங்கள் ஒரு வருடம் ஐரோப்பாவில், மறு வருடம் அமெரிக்காவில். விமானத்தில் படகு கொண்டுவர முடியாமல் போனவருக்கு அவர் எடைக்குப் பொருந்தும் படகு யாரிடமாவது இரவல் கிடைக்கும். போட்டி நாளன்று துடுப்பு உடைந்தால் எதிரணியிலிருந்தே வரும். வித்தைகளும் அப்படித்தான் பரவின. ஒருவர் ஓர் ஆற்றில் கண்டுபிடித்ததை அடுத்த பருவத்தில் நூறு பேர் பழகிக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடித்தவரே நின்று சொல்லிக்கொடுப்பார்.

சண்டையே வராதா?

வரும். மதிப்பெண் பற்றி வாக்குவாதம் வரும். அணித் தலைவர்கள் முறையிடுவார்கள். நாட்டுக்குள் நடக்கும் தேர்வில் மனக்கசப்பு வரும். எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கோபம் வருவது வரிசையைத் தாண்டுபவர் மேல். ஒரே ஆள் நிமிடக்கணக்கில் அலையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைக் காக்க வைப்பதும் அப்படித்தான். எழுதாத விதி எளிது: உங்கள் ஆட்டம் முடிந்ததும் வரிசையின் கடைசிக்குப் போங்கள், மேலிருந்து ஆற்றோடு இறங்கி வருபவருக்கு வழிவிடுங்கள், புதிதாக வந்தவருக்கு ஒரு தடவை கூடுதலாகக் கொடுங்கள்.

நீந்த நேர்ந்தவருக்கு ஒரு தண்டனையும் உண்டு: அன்று மாலை தன் ஈரக் காலணியில் ஊற்றி பீர் குடிக்க வேண்டும். உலகம் முழுக்க இருக்கும் பழக்கம் இது. மது தொடாதவர் வேறு ஏதாவது ஊற்றிக்கொள்ளலாம். காலணி மட்டும் மாறாது. பயந்து போய் வெளியே வந்தவரை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டால், மறுநாள் அவர் மறுபடி தண்ணீரில் இறங்குவார். அதற்காகவே இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும்.

தலைகீழாகக் கவிழ்ந்தால் என்ன ஆகும்?

ஒரு ரைடில் பலமுறை கவிழ்வது சாதாரணம். இடுப்பை உதறி, துடுப்பை நீரில் ஊன்றி நிமிர்வதற்கு ரோல் என்று பெயர். அது யோசிக்காமல் வர வேண்டும். நீச்சல் குளத்தில் பத்துக்குப் பத்து வருவது ஆரம்பம்தான். நுரைக்குள், எந்தப் பக்கம் மேல் என்று தெரியாத நிலையில், இரண்டு பக்கமும் வர வேண்டும். தலை கடைசியாக வெளியே வர வேண்டும் என்பதுதான் ரோலின் உயிர். மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்கினால் படகு மறுபடி கவிழும். ரோல் வராவிட்டால் முன்னால் இருக்கும் பட்டையை இழுத்தால் ஸ்ப்ரே ஸ்கர்ட் (இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) கழன்றுவிடும், வெளியே வந்துவிடலாம். இதைத்தான் முதல் நாள் கற்றுக்கொடுப்பார்கள்.

ஆபத்தான விளையாட்டா?

ஆபத்து உண்டு, ஆனால் அருவியில் இறங்குவதோடு ஒப்பிட்டால் குறைவு. போட்டிக்குத் தேர்ந்தெடுக்கும் அலைகளின் கீழே பெரும்பாலும் ஆழமான, அமைதியான நீர் இருக்கும். மீட்புக் கயிற்றோடு ஆட்கள் நிற்பார்கள். ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். அடிக்கடி அடிபடுவது தோள்பட்டை. கையை உயர்த்தி நீட்டிய நிலையில் துடுப்பை நீர் இழுத்தால் மூட்டு விலகிவிடும். அதனால் முழங்கையை மடக்கி, கையை முன்னாலேயே வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். குளிர்ந்த நீரில் பல வருடம் ஆடுபவர்களுக்குக் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து வழி குறுகலாம், காதடைப்பான் போடுங்கள். ஆழம் தெரியாத இடத்தில் லூப் பழகவே கூடாது. படகின் மூக்கு பாறையில் இடித்தால் கணுக்கால்தான் வாங்கிக்கொள்ளும்.

நல்ல அலைகள் காணாமல் போகின்றனவா?

போகின்றன. உகாண்டாவில் ஜின்ஜா நகருக்கு அருகே வெள்ளை நைல் நதியில் நைல் ஸ்பெஷல் என்ற அலை இருந்தது. வருடம் முழுக்க வெதுவெதுப்பான நீர், பெரிய முகம், பக்கத்திலேயே எடி. வட நாடுகளில் ஆறு உறையும் மாதங்களில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். அங்கே படகு தூக்க வந்த உள்ளூர் இளைஞர்கள் பார்த்துப் பழகி, உலகப் போட்டிக்கே போனார்கள். புஜகாலி அணை மேல்பகுதி ரேப்பிட்களை, அதாவது நீர் கொந்தளித்துப் பாயும் இடங்களை, முன்பே மூழ்கடித்திருந்தது. பிறகு இசிம்பா அணையின் நீர்த்தேக்கம் நைல் ஸ்பெஷலையும் மூடிவிட்டது. மின்சாரம் தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடமாக இருந்த இடம் அது. அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

மறுபக்கம், செயற்கையாக அமைத்த கால்வாய்கள் கூடிக்கொண்டு வருகின்றன. நீரின் அளவை மதகு வைத்து மாற்றலாம் என்பதால் போட்டி நடத்துபவர்களுக்கு வசதி. ஆற்றில் அப்படியில்லை. மழை பெய்தாலோ பெய்யாவிட்டாலோ, பல மாதம் பழகிய அலை போட்டி நாளன்று இல்லாமலே போகலாம்.

நான் எப்படிச் சர்வதேசப் போட்டிக்குப் போவது?

உலகச் சாம்பியன்ஷிப்புக்கு உங்கள் நாட்டின் தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும். ஒரு பிரிவுக்கு நாட்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. துடுப்புக்காரர்கள் குறைவாக இருக்கும் நாடு என்றால் இடம் கிடைப்பதைவிடக் கூட்டமைப்போடு கடிதப் போக்குவரத்து நடத்துவதுதான் பெரிய வேலை. சீக்கிரம் தொடங்குங்கள்.

அலை பக்கத்தில் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அசையாத தண்ணீரில் பழகக்கூடியது நிறைய இருக்கிறது. படகை மூக்கின் மேல் நிறுத்தி வைப்பது, பின்நுனியை அமுக்கிச் சுழல்வது, இரு நுனிகளும் மாறி மாறி நீரில் இறங்கச் சக்கரம் போலச் சுழலும் கார்ட்வீல், தேர்ந்தவர்களுக்கு லூப்பும் வரும். ஏரியில் இதைச் சுத்தமாகச் செய்பவருக்கு ஆறு பாதி வேலையைச் செய்துகொடுக்கும்.

முதல் போட்டி, யாரையும் தெரியாது. என்ன செய்யலாம்?

ஒரு வாரம் முன்னதாகப் போய்விடுங்கள். உலகப் போட்டிகளில் அதிகாரபூர்வப் பயிற்சிக்கு நாடு வாரியாக நேரம் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்பே அந்த அலையோடு பழகியிருப்பது நல்லது. எடியில் வரிசை எங்கே முடிகிறது என்று கேளுங்கள், அதுவே அறிமுகம் ஆகிவிடும். தண்ணீரில் இல்லாத நேரத்தில் கரையில் நின்று மற்றவர்கள் ரைடைப் படம் எடுத்துக் கொடுங்கள். தன் லூப்பைத் தானே பார்க்க முடியாது என்பதால் எல்லோருக்கும் அது தேவை. உங்கள் ரைடை எடுக்க ஆள் தானாகவே கிடைப்பார். முதல் ரைடில் புது வித்தை எதையும் முயல வேண்டாம். உறக்கத்திலும் வருகிற நான்கைச் செய்து மதிப்பெண் பலகையில் ஏதாவது ஏற்றுங்கள், மீதியை அடுத்த ரைடில் பார்க்கலாம். மூக்குக் கிளிப் இரண்டு மூன்றாகக் கொண்டு போங்கள். ஒன்று எப்படியும் ஆற்றோடு போகும், இன்னொன்று பக்கத்துப் படகுக்காரருக்குத் தேவைப்படும்.